நான்காம் அத்தியாயத்தின் படகுக்காரர்

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் செங்கல்பட்டு நிலையத்தில், இன்னும் கிளம்பாத மின்சார ரயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் எழுதியிருந்தது. வெளியிடலாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஆய்வு நூலைப் படித்து மதிப்பீடு தர முடியுமா, ஒரு மாதம் அவகாசம். இரண்டு முறை படித்துவிட்டு, மோசடிக் கும்பல் என்று முடிவுகட்டினேன். கடைசி வரியில் வங்கிக் கணக்கு விவரம் கேட்டிருப்பார்கள் என்று தேடினேன். கேட்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. மோசடி என்றால் சமாளித்துவிடலாம். நிஜமாகவே என்னை அறிஞன் என்று நம்பி ஒருவர் எழுதியிருந்தால் என்ன செய்வது?

நான் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறவன். ஐம்பதை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாக நான் ஆராய்ந்து கண்டுபிடித்தது, ஆசிரியர் அறையில் எந்த நாற்காலிக்கு மின்விசிறிக் காற்று முழுசாக வரும் என்பதை. அதையும் வெளியிடவில்லை, வெளியிட்டால் நாற்காலி போய்விடும்.

இந்த மாதிரிப் பதிப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிரதியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் துறை தெரிந்த இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. நடுவில் கனமான திரை. இவர்கள் பொது வாசகர்களுக்காகத் தமிழில் ஒரு நூல் வரிசை தொடங்கியிருந்தார்கள். ஊர் நூலகத்தில் எடுத்துப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும், அதற்காக ஆய்வு நீர்த்துப்போய்விடவும் கூடாது. சரி, படிக்கிறேன் என்று பதில் போட்டேன். தாம்பரத்தில் இறங்கும்போது என் நடையில் லேசாக ஒரு பேராசிரியத்தனம் வந்திருந்தது.

மறுநாள் கோப்பு வந்தது. சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து சென்னைக்கு உப்பும் சவுக்குக் கட்டையும் ஏற்றிப்போன பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளைப் பற்றிய நூல். மூன்றாம் பக்கத்திலேயே திரை அவிழ்ந்து விழுந்துவிட்டது. கால்வாயின் அகலத்தை மீட்டரில் சொல்லாமல், 'இந்தக் கரையில் நின்று திட்டினால் அந்தக் கரையில் முழுசாகக் கேட்கும் அகலம்' என்று எழுதியிருந்தது. உலகத்தில் அந்த அளவுகோலை வைத்திருந்தவள் ஒருத்திதான். அதைச் சோதித்துப் பார்த்த அன்று அந்தக் கரையில் நின்று திட்டு வாங்கியவன் நான்.

அவள் அணுமின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே வேலை. நான் புதுப்பட்டினம் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகன். இரண்டு பேரும் முதுகலையில் ஒரே வகுப்பு. எங்கள் பேராசிரியர், கால்வாயில் படகு ஓட்டிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். ஒரு வருஷம் திருவிடந்தைக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே பஸ்ஸிலேயே வாழ்ந்தோம். அவள் கேள்வி கேட்பாள், நான் பெரியவர்களைச் சிரிக்க வைப்பேன். சிரித்த பிறகுதான் அவர்கள் பேசுவார்கள். அந்த வருஷத்தை நான் எவ்வளவு தூரம் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பது அந்தப் பிரதியைப் படிக்கும்வரை எனக்கே தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் அவள் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு நான்காம் அத்தியாயம் வந்தது.

பாய்க்குக் காற்று கிடைக்காதபோது ஆட்கள் கரையில் நடந்து படகைக் கயிற்றால் இழுப்பார்கள். அப்படி இழுத்த ஒரு பெரியவரின் பேட்டிதான் அந்த அத்தியாயம் முழுக்க. அவர் சொல்கிறார்: "கயிறு இழுக்கிறவன் கத இன்னா தெரிமா? படகுல யாரு குந்திகினு கீறாங்கன்னு அவன் பாக்கவே முடியாது. முதுகக் காட்டிக்கினே ஊரு வரிக்கும் இழுக்கணும். திரும்பினா கயிறு தொய்ஞ்சிடும்." இந்த வார்த்தைகளை வைத்து அவள் பதினொரு பக்கம் எழுதியிருந்தாள். உழைப்பவனின் பார்வையை உழைப்பே எப்படிப் பறித்துக்கொள்கிறது என்று. நூலிலேயே அழகான பகுதி.

ஒரே ஒரு சங்கடம். அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னவன் நான்.

ஒருநாள் காலை பஸ்ஸில், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, பதினைந்து நாளில் கிளம்புகிறேன் என்றாள். நான் வாழ்த்துச் சொன்னேன். ஏதோ ஜோக்கும் அடித்தேன். அன்றைக்கு அவளுக்குத் திருவிடந்தை, எனக்குப் புதுப்பட்டினம். கால்வாய்ப் பாலத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் அந்தப் பெரியவரின் வீடு. நான் நடக்கவில்லை. கால்வாய்க் கரையில் ஒரு சீமைக்கருவேல நிழலில் உட்கார்ந்து, கேள்வியும் நானே பதிலும் நானே என்று, நோட்டு நிறைய எழுதினேன். சாயங்காலம் பஸ்ஸில் படித்துவிட்டு அவள் கண் விரியக் கேட்டாள்: "டேய், மனுஷன் கவிதை பேசறாருடா! எப்படிடா பேச வெச்ச?"

"எல்லாம் முகராசி" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து, செங்கல்பட்டு ஜங்ஷனில் என் நோட்டுகள் அத்தனையையும் அவள் கையில் கொடுத்து ரயிலேற்றினேன். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் கல்யாணம், வேலை, முகவரி மாற்றம். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது.

இப்போது என் முன்னால் இரண்டு வழி. உண்மையைச் சொன்னால் அவளுடைய நல்ல அத்தியாயம் போகும், கூடவே என் மானமும். சொல்லாவிட்டால் என் பொய் பல்கலைக்கழக முத்திரையோடு நூலகம் நூலகமாகப் போய் உட்காரும். நான் வழக்கம்போல மூன்றாவதாக ஒரு கோழை வழி கண்டுபிடித்தேன். எல்லா அத்தியாயத்தையும் புகழ்ந்து, 'நான்காம் அத்தியாயம் சற்றே வலுவற்றது, நீக்கலாம்' என்று காரணம் சொல்லாமல் ஓர் அறிக்கை. அதில் ஒரு சிரமம்: ஒரு ஜோக் தட்டுப்பட்டாலும் அவள் என்னைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே அறிக்கையின் இரண்டு பக்கத்தையும் சிரிப்பே இல்லாமல் எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் எழுதியதில்லை.

என் மனைவி செவிலியர். வருவது காய்ச்சலா நடிப்பா என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள்.

"இன்னாங்க, பிரஷர் மாத்தர போட்டீங்களா? மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது."

"ஒரு புத்தகம் படிக்கிறேன்."

"புத்தகத்துக்கு இன்னாத்துக்கு வேர்க்குது?" அறிக்கையை எடுத்துப் படித்தாள். "யாரு எழுதினது இது?"

"நான்தான்."

"ஒரு நக்கல்கூட காணோமே. மவுத்தாப்போறவன் கடைசியா எழுதி வெச்சாப்ல கீது."

முழுக் கதையையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ண நெனச்சிகினு எழுதினீங்களா?"

"ஆமாம்."

"நம்ம நிக்காவுக்கு முன்னாடிதானே?"

"அஞ்சு வருஷம் முன்னாடி."

"அப்ப அது எனக்கு பேஜாரு இல்ல. பொய்தான் பேஜாரு. நாளிக்கு அந்தப் பெரியவரோட பேரன் படிச்சிட்டு, எங்க தாத்தா வாய் பேச மாட்டாரே, இன்னாம்மா கத வுட்டுக்கீறேன்னு வந்து நின்னா, அவ மூஞ்ச எங்க வெச்சிப்பா?"

"அவர் ஒண்ணும் பேசாதவர் இல்ல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் அவர பாக்கவே இல்லியே."

தொலைபேசியை எடுத்துப் பதிப்பகத்துக்குப் போட்டேன். பதிப்பாசிரியருக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும், குரல் அப்படி இருந்தது.

"மேடம், ஒரு சின்னப் பிரச்சினை. நான்காம் அத்தியாயத்துல வர்ற படகுக்காரர்..."

"சொல்லுங்க சார்."

"அது நான்தான்."

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு என்ன வயசு?"

விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே என்மேல் இருந்த மரியாதை குறைந்துகொண்டு வந்தது. அவர் கோபப்படவில்லை. எழுதினவர் யார் என்று தெரிந்த அன்றைக்கே நீங்கள் விலகியிருக்க வேண்டும், உங்கள் அறிக்கையை ஏற்க முடியாது என்றார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அதை நூலாசிரியருக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார்.

"என் பேர் இல்லாம முடியாதா? அந்த அத்தியாயம் வீக்குன்னு மட்டும் சொல்லிட்டா?"

"சொன்னா அதை இன்னும் ஸ்ட்ராங் பண்ணி அனுப்புவாங்க சார். யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க." பிறகு கொஞ்சம் தணிந்து பேசினார். "திருக்கழுக்குன்றத்துல ஒருத்தர் லைப்ரரியில இந்தப் புத்தகத்தை எடுக்கறார்னு வைங்க. அவர் கால்வாய்க்குப் போய் விசாரிக்கப் போறதில்ல. யாரோ விசாரிச்சிருக்காங்கன்னு நம்பித்தான் படிப்பார். அந்த யாரோ நாமதான் சார். எங்க பேர் அட்டையில இருக்கறது அதுக்குத்தான்."

ஒரு பக்கக் கடிதம் எழுத ஒன்பது நாள் பிடித்தது. எட்டு நாள் அதிலிருந்த ஜோக்குகளை அடிக்கவே போயிற்று. அனுப்பிய பிறகு, தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நிற்கும் பழக்கம் வந்தது. கல்லூரியில் பாடம் நடத்தும்போது அடித்தாலும் நிற்கத்தான் நின்றேன். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் மாணவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினம் மீன் சந்தையில் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"படகுக்காரரா?"

குரல் மாறவே இல்லை. மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"டேய், பதினோரு பக்கம்டா."

"தெரியும்."

"மூணு கருத்தரங்குல பேசியிருக்கேன். கைதட்டினாங்க."

"உனக்கா, எனக்கா?"

"செருப்பு பிஞ்சிடும்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்புறமாவது அவரைப் போய்ப் பாத்தியா?"

"இல்ல. வெக்கமா இருந்துச்சு. நீ போன அடுத்த வருஷம் அவரும் போயிட்டார்னு கேள்விப்பட்டேன்."

மீன்கார அம்மா என்னைப் பார்த்துக் கத்தினார்: "இன்னா அண்ணாத்த, மீன வாங்கறியா, அதுக்கு தாலாட்டு பாடறியா?" மீனைக் கூடையில் வைத்துவிட்டு ஓரமாகப் போனேன்.

"அத்தியாயத்த எடுத்துடறேன்" என்றாள்.

"அந்தக் கயித்து வரிய மட்டுமாவது..."

"எப்படிடா? கயிறு இழுத்த யாரும் அதைச் சொல்லலையே."

"ஒருத்தன் சொன்னானே."

அவள் பக்கத்தில் ஏதோ குக்கர் விசில் கேட்டது. எனக்கு வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"அதை நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள், மெதுவாக. "அவர் வாயில போட்டிருக்கக் கூடாது."

ஆமாம் என்றேன். எதற்கு ஆமாம் என்று எனக்கும் தெரியாது, அவளும் கேட்கவில்லை. வெச்சிடறேண்டா என்றாள். அன்றைக்கு மீன் வாங்காமல் வீடு திரும்பினேன். மனைவி வெறும் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முட்டையை எடுத்து உடைத்தாள்.

புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. பதிப்பகமே ஒரு பிரதி அனுப்பியிருந்தது. நல்ல புத்தகம். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டு வாங்கிப் புரட்டியவர், வண்டலூர் வரை திருப்பித் தரவில்லை. எங்க மாமாகூட உப்பளத்துல வேல பாத்தாரு சார், இதெல்லாம் எழுதி வெச்சிருக்காங்களே என்றார். அவருக்கு அதில் ஒரு வரியைக்கூட விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. நம்பிப் படித்தார்.

நான்காம் அத்தியாயத்தில் இப்போது மதகுகளைப் பற்றி இருக்கிறது. அதன் நடுவில் இரண்டே வாக்கியம்: 'கரையிலிருந்து கயிறு இழுத்தவர்களின் சொந்தச் சொற்கள் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது.'

"உங்க பேரு எங்க கீது?" என்று மனைவி கேட்டாள். அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"சரியாத்தான் எழுதிக்கீறா" என்றாள். புத்தகத்தைத் திருப்பித் தராமல் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் புதுப்பட்டினம் போகிறபோது பாலத்தில் வண்டியை நிறுத்துகிறேன். அந்தப் பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். தோள் வலியைச் சொல்லியிருக்கலாம், கூலியைச் சொல்லியிருக்கலாம், இன்னாத்துக்குடா வந்தீங்க என்று துரத்தியும் இருக்கலாம். ஒன்றை நினைத்தால் ஒன்பது வருகிறது, அத்தனையும் கச்சிதமாக, நான் அவருக்குக் கொடுத்த குரலிலேயே. ஒன்றுகூட அவர் சொன்னதில்லை.