குத்துதுங்க

“...வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடுங்கம்மா, பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க,” என்றாள், சர்க்கரை நோய்க்காக என் பாதத்தைச் சோதிக்க வந்த நர்ஸ். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடினேன். ஸ்பிரிட் வாசனை வந்ததும் அரியலூர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், எனக்கு எட்டு வயது. எங்கள் சித்தி கொதிக்கிற சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்குவாள். “சூடு தாங்குற கைதான் வூட்டத் தாங்கும்” என்று திருமானூரில் எல்லாரும் அவளை மெச்சுவார்கள். ஊர்ப்பேச்சுக்கு எதுகை இருந்தால் போதும். நானும் அப்படி இறக்கப் பார்த்து, விரல் வெந்து அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அடுப்புக்கங்கு ஒன்று விரலிடுக்கில் ஒட்டிப் புகைந்தது. சித்தி அதை அறியாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா அன்றைக்கே அரியலூருக்கு வண்டி கட்டச் சொன்னாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பெருநோய், அதாவது தொழுநோய், என்று தெரிந்தால் கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிற காலம் அது. மகனுக்கு இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருந்த சித்திக்கும் அது தெரியும். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாக ஊசியால் குத்தினார்.

“குத்துதுங்க,” என்றாள் சித்தி. “இதுவும் குத்துதுங்க. ஐயோ, ரொம்பக் குத்துதுங்க!”

கடைசியாக அவள் சொன்னபோது, டாக்டர் ஊசியை மேசைமேல் வைத்துவிட்டிருந்தார். சித்தியின் மகன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான்.

“குத்துதும்மா,” என்றேன் நர்ஸிடம்.

கண்ணைத் திறந்தேன். அவள் இன்னும் பஞ்சால் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.