ஒருவரை மட்டும் பிரிப்பது எப்படி

விமான டிக்கெட் பதிவுகளைத் திருத்தும் மென்பொருளுக்குக் கையேடு எழுதினேன் என்றால் காரைக்குடியில் பாதிப் பேர், "டைப்பிங் வேலையா?" என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. கோபப்பட வேண்டிய ஆள் வேறு.

அந்த மென்பொருளைச் செய்தவன் என் கல்லூரித் தோழன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். சென்னை வேலையை விட்டு நான் ஊர் திரும்பியிருந்தபோது, "நீ எழுதினாத்தான்டி நம்ம ஊரு ஆளுகளுக்குப் புரியும்" என்று வீடு தேடி வந்து கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டிராவல்ஸ் ஒன்றுதான் அதை முதலில் வாங்குவதாக இருந்தது. அங்கே டிக்கெட் போடும் பெண் என்னை அக்கா என்பார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

கூட்டமாகப் போட்ட டிக்கெட்டிலிருந்து ஒருவரை மட்டும் பிரிக்கும் அத்தியாயத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். எங்கள் பக்கம் அது அன்றாடத் தேவை. சிங்கப்பூரிலிருந்து குடும்பமே கல்யாணத்துக்கு வரும். திரும்பும் நேரத்தில், "படைப்பு வருது, இருந்து கும்பிட்டுட்டுப் போகலாம் ஆச்சி" என்று யாராவது ஒருவரை முன்னோர் வழிபாட்டுக்குப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அவருடைய டிக்கெட்டை மட்டும் பிரித்துத் தேதி மாற்ற வேண்டும். அப்படிப் பிரித்தால், அவருக்காக விமான நிலையத்தில் கேட்டிருந்த சக்கர நாற்காலி புதிய பதிவில் வராது. மென்பொருளின் குறை அது. தோழனிடம் சொன்னேன், சரிசெய்ய நாளாகும் என்றான். அதனால் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் எழுதினேன்: பிரித்த பிறகு சக்கர நாற்காலியை மறுபடியும் கேளுங்கள், மறந்தால் பயணி நடக்க வேண்டியிருக்கும்.

"பிரமாதம். ஒரு எழுத்தைக்கூட மாத்த வேணாம்" என்றான். அச்சான கையேட்டின் முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தான். அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். உள்ளே இருப்பது என் எழுத்துதானே, புரட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் காலையில் டிராவல்ஸ் முதலாளி உடனே வரச் சொல்லிக் கூப்பிட்டார். போனால், தோழனும் அங்கே நிற்கிறான். நெற்குப்பை ஊர்க்காரர் ஒருவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க ஆத்தா சிங்கப்பூர்ல முட்டி வீங்கிக் கெடக்கு. டிக்கெட்டைப் பிரிச்சுக் குடுத்துட்டு, அம்புட்டுப் பெரிய ஏர்போர்ட்டுல நடக்க விட்டுட்டீகளே! வீல்சேர் வேணும்னு நான் சொல்லலையா?"

டிக்கெட் போடும் பெண் அழுதுகொண்டே கையேட்டை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் என் கட்டம் இல்லை. மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொண்டு, நடுவில் எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல் இருந்தன.

தோழனைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பாமலே முதலாளியிடம் சொன்னான்: "சாஃப்ட்வேர்ல பெரிய தப்பு இல்லண்ணே. கையேட்டுல விட்டுப்போச்சு. எழுதினவுக இவுகதான்."

இத்தனை வருடம் வாடி, போடி என்று பேசியவனுக்கு அன்று நான் இவுக ஆகிவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எழுதியிருந்தேன். நீ எடுத்துட்ட" என்று கத்தினேன். அவனுக்கு அனுப்பிய மெயிலைத் திறந்து முதலாளியிடம் காட்டினேன். கட்டம் அதில் குத்துக்கல்லாக இருந்தது.

அவன் கொஞ்சமும் அசரவில்லை. சிரித்தான். "வாங்க வர்றவுக எடுத்த எடுப்புல குறையைப் பார்த்தா வாங்குவாகளா? அதான் எடுத்தேன். விடுங்கண்ணே, இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

வீடு தேடி வந்து கேட்டபோதும், நான் எழுதுவதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதுதான் அவன் மனதில் இருந்திருக்கிறது. பழியைப் போட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது. அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அதுவரை அழுதுகொண்டிருந்த பெண் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் படிச்சேன்க்கா. உங்க பேரு இருந்துச்சேன்னு ஒரு வரி விடாமப் படிச்சேன்."