‘அப்போ நீங்க கைய வைங்க சார்!’

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். குடும்பத்தோடு மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்குக் குடியிருந்தோம்.

எங்கள் பிரிவில் தகடுகளை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் மெஷின்கள் உண்டு. தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து பல டன் எடை இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்கவிடாமல் தடுக்க ஒரு சென்சார் உண்டு. அன்று காலை ஷிஃப்ட் மாறும்போது, முந்தைய ஷிஃப்ட்காரர், “மூணாம் நம்பர் மெஷின்ல சென்சார் அடிக்கடி மக்கர் பண்ணுது. மெயின்டனன்ஸ்ல ஏதோ அட்ஜஸ்ட் பண்ணி விட்ருக்காங்க, ஓடுது” என்றார். என்ன அட்ஜஸ்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மெஷினை நிறுத்த வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் தெரியும். ஷிஃப்ட் பொறுப்பேற்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மெஷினில் மத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். அதுவரை காடு கழனியில் வேலை செய்தவர். மெஷினில் அன்று அவருக்கு மூன்றாம் நாள். பத்து மணிவாக்கில் ஒரு தகடு உள்ளே சிக்கிக்கொண்டது. “ஆஃப் பண்ணிட்டு எடுக்கட்டுங்களா சார்? பயமா இருக்குதுங்க” என்றார். நிறுத்தி மறுபடி ஓட்டக் கால் மணி நேரம் ஆகும். ஏற்கெனவே டார்கெட்டில் பின்தங்கியிருந்தோம்.

“சென்சார் இருக்குய்யா. கை உள்ள இருந்தா இறங்கவே இறங்காது. சும்மா எடு” என்றேன்.

அவர் கையை நீட்டினார். கால் பெடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“பேடா! கை பேடா!”

‘வேண்டாம், கை வேண்டாம்’ என்று கன்னடத்தில் ஓர் அலறல். அடுத்த நொடி யாரோ எமர்ஜென்சி பட்டனை அடிக்க, மெஷின் நின்றுவிட்டது. பார்த்தால், இரும்புத் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கும் அம்மா. கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி. அதுவரை அவர் குரலைக்கூட நான் சரியாகக் கேட்டதில்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “யாரைக் கேட்டும்மா பட்டனைத் தொட்ட? பெருக்குற வேலைய மட்டும் பாரு!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“தினாலும் இந்தப் பக்கம் பெருக்கறேன் சார். இந்த மெஷின் ஓரத்துல சின்னதா ஒரு பச்ச லைட்டு எரியும். இன்னிக்கு எரியல.”

“அதெல்லாம் உனக்குத் தெரியாது. சென்சார் வேலை செய்யுது.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “அப்போ நீங்க கைய வைங்க சார்.”

சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். என் கை அசையவில்லை. அவர் தன் துடைப்பத்தின் கட்டையை மெஷினுக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு, “இப்போ மிதிங்க” என்றார். மானம் போகிறதே என்ற வீம்பில் பட்டனை விடுவித்து, நானே பெடலை மிதித்தேன்.

மெஷின் இறங்கியது. ‘படார்’ என்ற சத்தத்தோடு கட்டை நசுங்கித் தெறித்தது. பாதிக் கட்டை அவர் கையில் நின்றது.

மத்தூர்க்காரர் தன் வலது கையை இடது கையால் பற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டை இருந்த இடத்தில்தான் ஒரு மனிதனின் கையை வைக்கச் சொல்லியிருந்தேன்.

லைன் நின்றது தெரிந்து மேனேஜர் வந்தார். “யாரு நிறுத்தினது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார்” என்றார் அந்த அம்மா. மேனேஜரோடு வந்த காண்ட்ராக்டரின் ஆள் அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, “கேட்டுக்குப் போ, நாளையிலருந்து வேணாம்” என்றான். அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பயம். என் வேலை, என் கையெழுத்து.

தரையில் இருந்த மத்தூர்க்காரர் எழுந்தார். “அந்தம்மா போனா நானும் போறேனுங்க. போயிருக்க வேண்டியது என் கை” என்றார்.

அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. “சார், சென்சார்ல பிரச்சினை இருக்குன்னு காலையிலேயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஓட்டச் சொன்னது நான்தான்” என்றேன்.

சென்சாரைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்திருந்தது அப்புறம்தான் தெரியவந்தது. சரிசெய்யும்வரை இரண்டு நாள் அந்த மெஷின் ஓடவில்லை. எனக்கு மெமோ வந்தது. அந்த வருடப் பதவி உயர்வும் போனது. அன்று, அந்த அம்மாவை அனுப்ப வேண்டாம் என்று மேனேஜர் சொன்னதுமே, அவருடைய அட்டையை நானே வாங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். வெயிலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டபோது, “இருக்கட்டும் சார். அவருக்குக் கை இருக்கு இல்ல?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

இன்று வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். யாராவது ‘பயமா இருக்கு சார்’ என்றால், முதலில் மெஷினை நிறுத்துகிறேன். காரணத்தை அப்புறம்தான் கேட்கிறேன். அன்று மேனேஜர் முன்னால் பெருக்க வந்தவர் முதலில் பேசினார், மெஷினில் மூன்றாம் நாளே ஆனவர் இரண்டாவதாகப் பேசினார். பேசுவதற்கு எல்லா அதிகாரமும் இருந்த நான் மூன்றாவது ஆளாகத்தான் வாய் திறந்தேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.