புல்கூட முளைக்காத நிலம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் நான் மலைப்பக்கத்துச் சன்னலில் உட்காருவதில்லை. அந்தப் பக்கம் அரசாங்கத்தின் தொழிற்பேட்டை வரும். மேடு வெட்டி, பள்ளம் மூடி, அவர்கள் போட்ட தார்ச்சாலையும் தண்ணீர்த் தொட்டியும் எங்கள் நிலத்தில்தான் இருக்கின்றன. வேலை கேட்டுப் போனபோதுதான், விளைநிலம் கொடுத்த வீட்டுக்கு மட்டும் ஒரு வேலை என்றார்கள். எங்களை வாசலிலேயே விரட்டினார்கள். காகிதத்தில் எங்களுடையது தரிசு. நூல் மில், திருப்பூர், கேரளத்து ஓட்டல் என்று நான் அலைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதிகாரிகள் இடம் பார்க்க வரும் முன்னால் தாலுகா ஆபீஸ் ஆள் ஒருவர் ஊருக்கு வந்தார். "வெள்ளாம நிக்கிற நெலத்த எடுக்க மாட்டாக. பேட்டை பக்கத்து ஊருக்குப் போயிரும். பொறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது," என்றார். பக்கத்து ஊர் என்ற சொல்லே எங்கள் ஊருக்குப் போதும். தரிசென்று காட்டினால் வேலை தர வேண்டியதில்லை என்பது அந்த ஆளுக்கு அன்றே தெரியும். பாவி.

எங்கள் மக்காச்சோளம் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"ஏலே, ஆட்டப் பத்திக்கிட்டு வந்து உள்ள விடு," என்றார் அப்பா. பயிரில் ஆடு வாய் வைத்ததற்காக அவரிடமே பலமுறை அடிபட்டவன் நான். நம்பாமல் நின்றேன்.

அம்மா வரப்பிலிருந்து கத்தினாள். "கம்பெனிக்காரன் வந்து ஒனக்குக் கஞ்சி காச்சி ஊத்துவானாக்கும்? செத்த பொறு, கதிரையாவது ஒடிச்சுக்கிடுதேன்."

"ஏட்டி, மாசச் சம்பளம் வரப்போகுது. நீ சோளத்தக் கட்டிக்கிட்டு அழுதியே!"

ஆடுகளை விட்டேன். எனக்கு அது திருவிழா. மிஞ்சிய சோளத்தட்டையைப் பிடுங்கி அப்புறப்படுத்தினோம். வரப்பைக்கூட மிதித்துச் சமமாக்கினோம்.

அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். செருப்பில் மண் ஒட்டாமல் ஓரத்திலேயே நின்று போட்டோ எடுத்தார்கள்.

"இதுல என்ன வெளையும்?" என்று ஒருவர் கேட்டார்.

எதையாவது சொன்னால் எடுக்காமல் போய்விடுவார்களோ என்று அப்பா தயங்கினார். நான் முந்திக்கொண்டேன். "இதுல புல்லுகூட மொளைக்காது சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். அதிகாரி என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். அம்மா மட்டும் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

நான் சொன்னதை ஜீப்பில் வந்த சார் அப்படியே எழுதிக்கொண்டார் என்று அன்று சாயங்காலம் ஒரு வீடு விடாமல் ஓடிப் போய்ச் சொன்னேன்.