அடைத்துக்கொண்ட ஜல்லி

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு கல்வாழைப் பாத்தி இருக்கிறது. பார்க்கிறவர்கள் பூவுக்காக வைத்தது என்றே நினைப்பார்கள். கக்கூஸ் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் அதற்குள்தான் போகின்றன. முன்பு அது தெருவில் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி தினமும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். நானும் சும்மா இருந்ததில்லை.

எங்கள் சண்டை தாங்காமல் என் வீட்டுக்காரர் பாத்தி கட்டினார். செங்கல் வைத்துப் பூசிய நீளமான தொட்டி, அது நிறைய ஜல்லி, மேலே கல்வாழை. ஒரு முனையில் நாற்றத்தோடு நுழைகிற தண்ணீர், ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து, வேர்களைத் தாண்டி, மறுமுனையில் தெளிந்து தென்னங்கன்றுக்குப் போனது. எங்கள் ஊர் வெயிலுக்குக் கல்வாழை ஆள் உயரம் வளர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் இழுத்துப்போய்க் காட்டுவார். மனிதருக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஜல்லி அடிக்கடி அடைத்துக்கொண்டது. தோண்டினால் கல்லெல்லாம் மினுங்குகிற சாம்பல் பசை. சோப்பு அழுக்கு என்று நினைத்து, கண்டபடி சோப்புப் போடுகிறாள் என்று மகளைத்தான் திட்டினேன். ஒரு சாயங்காலம் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை முடிந்து வந்து என் வீட்டுக்காரர் குளித்தார். குளியலறைக்கு வெளியே அதே நிறத்தில் தண்ணீர் ஓடியது. அவர் உடம்பில் படிந்திருந்த அலுமினியப் பொடி. உள்ளே இருமிக்கொண்டிருந்தார்.

"மேலுக்குப் படிஞ்சதே இம்புட்டுன்னா, நெஞ்சுக்குள்ள எம்புட்டு போயிருக்கும்? வேற வேல பாருங்க" என்றேன்.

"சீசன் முடியட்டும், பாப்போம்."

"ஒங்க கம்பெனில சீசன் என்னைக்கு முடிஞ்சிருக்கு?"

அவர் ஜல்லியை இரும்புச் சட்டியில் அள்ளி, மூச்சு வாங்க உட்கார்ந்து கழுவினார்.

இப்போது கட்டிலோடு கிடக்கிறார். நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பாத்தி மட்டும் நன்றாக இருக்கிறது. போன வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அங்கன அடைப்பு விட்டுருச்சு, பாத்தியா?" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை.

வேலையை விடச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றவள் நான்தான். இன்றைக்கு அந்த ஜல்லி மறுபடி அடைத்துக்கொள்ளாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அவர் வேலைக்குப் போய்வந்து குளித்தால்தானே அது அடைக்கும்.