வெட்டி எடுக்கப்பட்ட இலக்கம்

என் குறிப்பேட்டின் பின்னட்டையில் பதினொரு சிறிய தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே இலக்கம்தான். மெல்லிய தாளை இரும்புத் தகட்டின்மேல் வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தால், தகட்டில் குத்தியிருக்கும் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். காரை விற்கும்போதோ பதியும்போதோ சேசிஸ் இலக்கத்தை இப்படித்தான் பிரதி எடுப்பார்கள். ஒரு காருக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். நான் சனிக்கிழமை தோறும் எடுத்தேன். அந்த இலக்கம் களவு போய்விடும் என்று பயந்தேன்.

கார் என்னுடையது. ஜப்பானில் செய்த பழைய நாலு கதவுக் கார். வீதியில் போகும்போது ஒரு பாடசாலை அதிபரின் கார் போலத்தான் இருக்கும். பொனட்டைத் திறந்தால் உள்ளே இரட்டைக் காபரேட்டரோடு பந்தயத்துக்கென்று செய்த எஞ்சின். இதே உடம்பில் சாதாரண எஞ்சினோடு வந்த கார்கள் கொழும்பில் ஏராளம் ஓடின. வேகக் கார் ஒன்றிரண்டுதான் வந்தது. எஞ்சினை மாற்றலாம், பின்பக்கச் சின்னத்தைக் கடையில் வாங்கி ஒட்டலாம். மாற்ற முடியாதது ஒன்றுதான்: எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் கால்களுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புத் தகட்டில் தொழிற்சாலை அடித்துவிட்ட இலக்கம். வேகக் காரின் இலக்கத்துக்கு முதல் மூன்று எழுத்துகளே வேறு. பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு அது பொருந்தும் வரைதான் அது கார். அந்தத் துண்டு இல்லாமல் போனால் என் கார் பழைய இரும்புக்காரனின் தராசில் ஏற வேண்டியதுதான்.

வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. ஓடாத கார்களையும் விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். செத்த காரின் இலக்கத் துண்டை வெட்டி எடுத்து, கள்ளமாக வந்த இன்னொரு காரில் ஒட்டி, பழைய பத்திரத்தோடு ஓட விடுகிறார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் தேநீருக்குத் தேநீர் ஒரு கதை வரும். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கொள்கலன்களின் இலக்கங்களைப் பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஓர் இலக்கம் பிசகி ஒருவருடைய சாமான் இன்னொருவருடையதாகிவிட்டதை நேரில் கண்டிருக்கிறேன். இதற்கு மேல் துப்பறியும் கதைகளும் நிறைய வாசிப்பவன். அது உடம்புக்கு நல்லதல்ல என்று இப்போது தெரிகிறது.

கியர்பொக்ஸ் உடைந்த பிறகு கார் எட்டு வருடம் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் தரிப்பிடத்தில் நின்றது. வீட்டிலிருந்து கடல் ஒரு கல்லெறி தூரம். துரு பிடித்துக் கதவின் அடி உதிரத் தொடங்கியபோதுதான் டிங்கரிங் செய்ய முடிவெடுத்தேன். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டி நெளிவு எடுக்கும் வேலைக்குக் கொழும்பில் அதுதான் பெயர். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் அந்த வேலை செய்யும் பாஸ் ஒருவரை நண்பர் சொன்னார். கைத்தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம்; மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்பதுபோல அவர் டிங்கர் பாஸ். அறுபதை நெருங்கிய வயது, தனியாகத்தான் வேலை. கராஜுக்குப் பின்னாலேயே வீடு. எல்லாரும் நல்லவர் என்றார்கள். எல்லாரும் ஒரே சொல்லில் நல்லவர் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, கார் ஒரு லொறியின் முதுகில் ஏறிப் போனது. மனைவி பல்கனியில் நின்று பார்த்தாள்.

"எட்டு வருசமாக் கடல் தின்னேக்க பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். இப்ப கள்ளன் தின்னப்போறான் எண்டு நித்திரை இல்லாமத் திரியிறீங்கள்" என்றாள்.

பாஸ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, இடப்பக்கக் கதவுக்குக் கீழே குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. வலப்பக்கம் போய்க் குத்தினார். 'டங்' என்று நின்றது.

"இந்தப் பக்கம் பிஸ்கட். அந்தப் பக்கம் கல்லு" என்றார். "இது ஒரே காரா சேர்?"

"என்ன கேள்வி இது? ஒரே கார்தான்."

"சும்மா கேட்டேன்."

அவர் சும்மா கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இலக்கத்தைச் சுற்றிச் சிவப்புச் சோக்கால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினேன். "பாஸ், எதை வெட்டினாலும் இதில மட்டும் கை வைக்க வேண்டாம்."

அவர் கட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இலக்கத்தில சேருக்கு அவ்வளவு ஆசையா?"

அன்றைக்கே முதல் பிரதியை எடுத்துத் தாளின் மூலையில் கிழமையும் மணியும் எழுதினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனியும் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டுபோவேன். பட்டிப் பசையை அப்பி ஓட்டையை மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தம்தான். பிளாஸ்டிக் மாம்பழம் ஒன்றின் முதுகில் இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி மறைத்துத்தான் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் சனி, காருக்கு அடியில் படுத்திருந்த பாஸ் தலையை நீட்டாமலே கேட்டார்:

"மாம்பழம் ஒட்டுதா சேர்?"

ஒட்டியது. எல்லா இடத்திலும் ஒட்டியது. அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. தகட்டில் கைவைக்காத மனிதருக்கு வேறு எதிலோ கண் என்று நினைத்தேன். நான் பென்சிலை எடுத்தால் அவர் வேலை செய்வதில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஒரு டின்னின்மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி, நான் பென்சிலால் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் ஒழுங்கைக்குள் நுழையும்போது யாருக்கோ தொலைபேசியில் தாழ்ந்த குரலில் சிங்களத்தில், "அவர் இன்றைக்கும் வருவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். குறித்துக்கொண்டேன்.

ஏழாம் சனிக்கிழமை குடையை மறந்துவிட்டுச் சந்தியிலிருந்து திரும்பி வந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பொனட்டுக்குள் குனிந்து, நான் சோக்கால் போட்ட கட்டத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாஸ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் குடையை எடுத்தேன். யார் என்று கேட்காமலே திரும்பினேன். பஸ்ஸில் இருந்தபடி அந்த ஆளின் உயரத்தைக் குறித்துக்கொண்டேன்.

பதினோராம் சனி போனபோது சோக்குக் கட்டம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் ஓட்டுநரின் ஆசனம் தெரிந்தது.

"எங்க பாஸ் அந்தத் துண்டு?"

"எந்தத் துண்டு?"

"இலக்கம் இருந்த துண்டு."

அவர் கிரைண்டரின் வயரைச் சுருட்டினார். "இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருக்கிற எடத்துல இருக்கு."

"தொட வேண்டாம் எண்டு சொன்னனான். கோடும் போட்டுத் தந்தனான்."

"கோட்டச் சுத்தித் தகடு உளுத்துப் போச்சு. எப்பிடியும் வெட்டத்தான் வேணும். ஒங்க முன்னால வெட்டாதது என் பிழை, ஒத்துக்கிறேன். ஆனா துண்டு இப்ப கிடைக்காது."

"நான் பொலிசுக்குப் போறன்."

"போங்க சேர். நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். யாரு முந்திப் போறதுன்னுதான் பாக்கணும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்து வாட்டி தேச்சீங்க. நான் எண்ணினேன். கார்க்காரன்னா காரப் பாப்பான். வேல எப்ப முடியும், என்ன கலர் அடிக்கலாம்னு என் உசிர வாங்குவான். நீங்க இன்னிக்கு வரைக்கும் கலரப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா? வந்தா நம்பர், போனா நம்பர். இத்தன காப்பி யாருக்கு வேணும்? இதே நம்பர வேற தகட்டுல குத்த அச்சு வெட்டுறவனுக்குத்தான் வேணும். மச்சான்கிட்டயும் போன்ல சொன்னேன், இந்த மனுசன் சரியில்லன்னு."

நிறத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்பது உண்மை.

"அதுக்கு மேல ஒங்க ஆள் வேற வந்து படம் எடுக்கிறாரு."

"என்ர ஆளா? அந்த வெள்ளைச் சட்டையா? அவர் உங்கட ஆள் எண்டெல்லோ நான் நினைச்சனான்!"

"என் ஆளா? நீங்க போய்ப் பத்து நிமிசத்துல வந்தாரு. இந்த நம்பர் விக்கிறதான்னு கேட்டாரு. நீங்க அனுப்பி என்ன நோட்டம் பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

பையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "புத்தகம் எல்லாரும் கொண்டு வருவாங்க. புத்தகத்துக்குக் கார் தேடுறவனும் கொண்டு வருவான்" என்றார். கல்யாணமான வருடத்தில் காருக்கு முன்னால் நானும் மனைவியும் நிற்கும் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். "வெளி நம்பர் பிளேட்டக் கழட்டி மாட்ட ரெண்டு ஆணி போதும்" என்றார். கடைசியாகக் குறிப்பேட்டைத் திறந்தேன். கிழமை, மணி, அவர் தொலைபேசியில் சொன்னது, வெள்ளைச் சட்டைக்காரரின் உயரம், எல்லாம் இருந்தன. ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு அதை என்னிடம் திருப்பித் தந்தார்.

"இத வேற யாருக்கும் காட்டாதீங்க சேர். ஒங்களத்தான் புடிப்பாங்க."

பிறகு எழுந்து, செருப்புக் காலால் இடப்பக்கக் கதவின் அடியைத் தட்டினார். துரு கொட்டியது. "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பக்கம் மட்டும் ஏன் பிஸ்கட்? ரெண்டு காரப் பாதி பாதியா வெட்டி ஒட்டினாத்தான் இப்பிடி இருக்கும்."

இதற்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை. "எட்டு வருசம் ஒரே இடத்தில நிண்டது. மூக்கு பம்பலப்பிட்டிப் பக்கம். இடப்பக்கம் கடல்."

அவர் ஒழுங்கையின் வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கையால் திசைகளைப் போட்டுப் பார்த்தார். "நாளைக்குப் பூசை முடிஞ்சு வாறேன். எடத்தக் காட்டுங்க."

ஞாயிறு காலை பத்தே காலுக்கு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை. தரிப்பிடத்தில் என் இடம் காலியாகக் கிடந்தது. நாலு சில்லுகளும் நின்ற கறுப்புத் தடங்களையும் எண்ணெய்க் கறையையும் பார்த்தார். கடல் பக்கத்து இரும்புக் கிராதியை நகத்தால் சுரண்டினார். ஓடு ஓடாகக் கழன்று வந்தது. உள்பக்கத்து இரும்புக் கதவையும் சுரண்டினார்; பெயின்ட் அப்படியே இருந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் கார் அருகே குந்தினார். அதுவும் என்னுடையதைப் போலவே மூக்கை வடக்கே வைத்து நிற்கும். இடப்பக்கக் கதவின் அடியில் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. வலப்பக்கம் போய்த் தடவினார். வழுவழுப்பாக இருந்திருக்க வேண்டும்.

"இவரும் ரெண்டு வருசத்துல என்கிட்டதான் வருவாரு" என்றார். அதுதான் தீர்ப்பு.

மேலே வந்து தேநீர் குடித்தார். மனைவி அவருக்கு ஆறுதல் சொன்னாள்: "நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ பாஸ். இவர் பால் பக்கற்றிலயும் திகதி பாத்து, நான் மாத்தி வைச்சிட்டன் எண்டு சொல்லுறவர்."

"தெரியும் மிஸ்ஸி. மாம்பழத்த நான் பாத்தேன்."

அவர் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதிவுப் புத்தகமும் படமும் செய்யாததை அந்தத் துரு செய்திருந்தது. அதை வெட்டி எறியத்தான் காரை அவரிடம் கொடுத்திருந்தேன்.

அடுத்த சனி அவர் என்னைக் கராஜுக்குப் பின்னால் வீட்டுக்குள் கூட்டிப்போனார். சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார் சுரூபமும் சின்னச் சிவப்பு பல்பும் இருந்தன. சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். என் இலக்கம். ஓரங்களை மழித்து, துருவை எடுத்து, எண்ணெய் தடவி வைத்திருந்தார். கள்ளன் என்று அவர் நினைத்த ஒருவனின் தகட்டுக்கு அவ்வளவு செய்திருந்தார்.

ஒட்டும் வேலையை என் முன்னால் செய்தார். புதுத் தகட்டில் விட்டிருந்த சதுரத்தில் துண்டைப் பொருத்தி, ஒரு மூலையில் ஒரு பொட்டு வெல்டிங், உடனே ஈரத்துணியால் ஓர் ஒற்றல், எதிர்மூலையில் இன்னொரு பொட்டு. வெப்பத்தில் தகடு வளைந்தால் எழுத்துகளும் வளையுமாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டால் காட்டுவதற்கு ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தேன். அவரும் நின்று எடுக்க விட்டார். முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆனது. ஓர் எழுத்தும் கலையவில்லை.

"இப்பயாச்சும் சொல்லுங்க. என்ன கலர்?"

"பழைய வெள்ளைதான்."

"கேட்டது நான். கவனிங்க" என்று சிரித்தார்.

தகடு ஆறியதும் தாளை வைத்துப் பதினோராவது பிரதியை எடுத்தேன். மூலையில் மணி எழுதிக்கொண்டிருந்தபோது அவர் என் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கினார். சட்டைப்பையிலிருந்து சிகரட் பெட்டியின் உள்தாள் ஒன்றை எடுத்து, தகட்டில் வைத்து, தேய்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு பாஸ்?"

"அந்த வெள்ளச் சட்டக்காரரு யாருன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு இதே நம்பர் வேற கார்ல இங்க வேலைக்கு வந்தா எனக்குத் தெரியணுமா இல்லியா?"

நியாயமான காரணம். அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். அவர் தாளை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். நானும் பார்த்தேன். என் பதினொன்றையும்விட அவருடைய ஒன்று தெளிவாக விழுந்திருந்தது.