சம்பந்தி வீட்டில் கலக்கிய விஸ்கி க்ரீம்

1. பாலாடையும் ஸ்காட்சும்

கூடுவாஞ்சேரியில் என் சம்பந்தி தேவராஜன் வீட்டு டைனிங் டேபிளில், ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் அரை பாட்டில் ஸ்காட்ச் திரிந்து கிடந்தது. பழுப்புத் தண்ணீர், அதில் மிதக்கும் வெள்ளைத் திப்பிகள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி. ஒரு மணிக்கு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விஸ்கி க்ரீமை, அதாவது விஸ்கியில் பாலாடை கலந்த இனிப்பு மதுவை, போன தடவை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அது தீர்ந்துவிட்டது. இந்த முறை வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று வீடியோ பார்த்த தைரியத்தில் ஜம்பம் அடித்துவிட்டார்.

"வெண்ணெய்க்குன்னு பத்து நாளா சேத்து வச்ச ஆடைங்க அது. தயிர் விட்டு உறை குத்தி வச்சிருந்தேன். அத தூக்கி இதுல கொட்டிட்டாரு" என்று சம்பந்தியம்மா என் மனைவி மல்லிகாவிடம் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீடியோல க்ரீம்னுதானே சொன்னான்? பாலாடை க்ரீம் இல்லியா?" என்றார் தேவராஜன்.

புளித்த ஆடை. அதன் தலையில் சுடச்சுட காபி டிகாக்‌ஷன். அதற்கு மேல் விஸ்கி. திரியாமல் என்ன செய்யும்? சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்த எனக்குக் கை அரித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைத்தான் மூன்று வருஷமாக நான் அந்த வீட்டில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

2. எஃப் அண்ட் பி

நான் பார்மேன். இப்போது படித்துவிட்டு வரும் தம்பிகள் மிக்ஸாலஜிஸ்ட் என்று கார்டு அடித்துக்கொள்கிறார்கள். நல்லது, அடித்துக்கொள்ளட்டும். எங்கள் நாளில் அதற்குப் பேர் பார்மேன்தான். நகரத்தில் ஒரு ஸ்டார் ஹோட்டல் பாரில் முப்பத்தோரு வருஷம் நின்றேன். ஒரு சொட்டு குடித்ததில்லை. இரும்புலியூரில் கடன் வாங்கிக் கட்டிய வீடும், மகள் சுதாவின் என்ஜினியரிங் படிப்பும் அந்தக் கவுண்டரிலிருந்து வந்தவை.

சுதாவுக்கு முதலில் வந்த வரன் நிச்சயம் வரை போய் நின்றது. "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அப்பா ஊத்திக் குடுக்கற வேலைன்னு சொந்தக்காரங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்று போனில் கேட்டார்கள். அந்தப் பையனின் பெரியப்பா எங்கள் பாருக்கு வாராவாரம் வருகிறவர். எத்தனையோ தடவை அவரைக் கைத்தாங்கலாகக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அவர்தான் என்னை அடையாளம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு மல்லிகா ஒரு முடிவுக்கு வந்தாள். யார் கேட்டாலும், "ஹோட்டல்ல எஃப் அண்ட் பிங்க" என்பாள். உணவும் பானமும் பார்க்கிற டிபார்ட்மென்ட் என்று அர்த்தம். பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் என்னை மானேஜர் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் திருத்த மாட்டோம். பிறகு சுதாவைக் கட்டிக்கொடுத்த தேவராஜன் வீட்டாரும் அப்படித்தான் நினைத்தார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு மூன்று வருஷம் ஓடியது. என் மகளுக்கு அந்த வீட்டில் மரியாதை குறையக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

3. டீ வடிகட்டியும் தண்ணீர் பாட்டிலும்

அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தேவராஜன் மீதி அரை பாட்டிலையும் திறந்து அதே கிண்ணத்தில் ஊற்றப் போனார். ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தார் போல. நான் எழுந்துவிட்டேன்.

"ஊத்தாதீங்க சம்பந்தி. அது தேறாது. கொட்டிடுங்க" என்றேன்.

மாப்பிள்ளை கார்த்திக்கைக் கடைக்கு அனுப்பினேன். இரண்டு பாக்கெட் ஃப்ரெஷ் க்ரீம், ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் கோகோ பவுடர். வந்ததும் க்ரீமை ஃப்ரீசரில் பதினைந்து நிமிஷம் வைத்தேன். டிகாக்‌ஷனைக் கோகோவோடு கட்டியில்லாமல் கரைத்து, ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தை வைத்து ஆற்றினேன். வீட்டில் செய்கிற பிள்ளைகள் இதை மட்டும் மறக்கக்கூடாது: எல்லாம் ஜில்லென்று இருக்கவேண்டும், க்ரீம் கடைசியில்தான் சேரவேண்டும். அவசரப்பட்டு மிக்ஸியில் போட்டு அடித்தால் வெண்ணெய்தான் வரும்.

ஒரு கிளாஸுக்கு விஸ்கி நாற்பத்தைந்து மில்லி, கண்டென்ஸ்டு மில்க் இருபது, டிகாக்‌ஷன் பதினைந்து, க்ரீம் முப்பது. பெக் மெஷர் இல்லை. இருமல் மருந்து மூடியால் அளந்தேன். ஷேக்கர் இல்லை. வாயகன்ற எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் ஐஸ் போட்டு, இரண்டு கிளாஸ் அளவு ஊற்றி, மூடியைத் திருகினேன். அதற்கு மேல் நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பாட்டில் தானாகத் தோளுக்கு மேலே போனது. ஒரு கை அடியில், ஒரு கை மூடியில், பதினைந்து எண்ணும்வரை குலுக்கல். டீ வடிகட்டியில் வடித்து, மேலே ஜாதிக்காயை ஒரு இழுப்பு சீவினேன். நுரை ஒரு விரற்கடை நின்றது.

தேவராஜன் ஒரு வாய் குடித்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"சம்பந்தி, இது வீடியோ பாத்து வந்த கை இல்லியே?"

மல்லிகா கண்ணால் வேண்டாம் என்றாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் பார்ல நின்னேன் சார்" என்றேன். மூன்று வருஷமாகச் சம்பந்தி என்று கூப்பிட்ட வாய், அந்த நிமிஷம் சார் என்றது. நான் அதைக் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அட, இதுல என்ன இருக்கு? தொழில்ல உசத்தி தாழ்த்தி உண்டா? இத்தன நாளா சொல்லவே இல்லியே! எனக்கு ஆபத்பாந்தவன் வூட்டுலயே இருந்துருக்கார்!" நிஜமான சந்தோஷம்தான், நடிப்பில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

நண்பர்கள் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தார்கள். "ஐயோ, ஐஸ்க்ரீம் மாதிரி இருக்கே" என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவர்கள் டேபிளில் உட்கார்ந்திருக்க, நான் கிச்சன் மேடையோரம் நின்று குலுக்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்தியில் சம்பந்தியம்மாவோடும் மல்லிகாவோடும் சாப்பிட்டேன். திரும்பும்போது ட்ரெயினில் மல்லிகா சொன்னாள்: "இன்னிக்குத்தாங்க எனக்கு மூச்சே வருது." எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

4. "மாமா இருக்காருல்ல"

அடுத்த மாதம் போன் வந்தது. "சம்பந்தி, சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேரு. வந்துடுங்களேன்." போனேன். அதற்கடுத்து அவருடைய கல்யாண நாள். அதற்கும் போனேன். மூன்றாவது தடவை, வீட்டில் துருப்பிடிக்காமல் துடைத்து வைத்திருந்த என் பழைய ஷேக்கரையும் பெக் மெஷரையும் நானே பையில் போட்டுக்கொண்டு போனேன். யாரும் எடுத்துவரச் சொல்லவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான்தான்.

முன்பெல்லாம் நான் போனால் தேவராஜன் வாசலுக்கு வந்து, "வாங்க சம்பந்தி, காபியா, மோரா?" என்பார். இப்போது, "வந்துட்டீங்களா, ஐஸ் ஃப்ரீசர்ல இருக்கு" என்றார். இந்த வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. முப்பத்தோரு வருஷம் மனிதர்களின் குரலைக் கேட்டுத்தானே பிழைத்தேன். ஆனால் சுதா அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள், அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நாலு கிளாஸ் கலக்கிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. "மாமா, நீங்க இருக்கீங்கன்னு தைரியத்துலதான் நாப்பது பேர கூப்பிட்டிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. மாடி ஹாலில் பலூன், கேக், பெண்கள், குழந்தைகள். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஷாமியானா துணி கட்டி ஆண்களுக்கு டேபிள். அந்தத் துணிக்குப் பின்னால்தான் நான், குழந்தையின் தாத்தா, பதினோரு மணியிலிருந்து நின்றேன்.

5. ஒரு தேங்க் யூ

ஒரு மணி வாக்கில் எனக்குத் தெரியாத ஒருவர் கிளாஸை எடுத்துக்கொண்டு வந்தார். லேஅவுட் பிசினஸில் தேவராஜனுக்குப் பழக்கமானவராம்.

"இன்னா பாஸ், செம்மையா கீது! இத்த எங்க கத்துகினீங்க? நம்ம டேபிள கொஞ்சம் கண்டுக்கங்க, ஸ்ட்ராங்கா" என்று சொல்லி, ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

என் இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. தலை லேசாகக் குனிந்தது. "தேங்க் யூ சார். எஞ்சாய் சார்" என்றேன்.

தேவராஜன் பக்கத்தில்தான் நின்றார். "இவர் என் சம்பந்தி" என்று அவர் சொல்ல மூன்று விநாடி போதும். அவர் சிரித்தார். "பாத்தீங்களா, சர்வீஸ்னா இதான் சர்வீஸ்!" என்று அந்த ஆளின் தோளில் தட்டிவிட்டு அடுத்த டேபிளுக்கு நகர்ந்தார்.

திரும்பினேன். துணியை விலக்கிக்கொண்டு சுதா நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. கேக் வெட்ட என்னைக் கூப்பிட வந்தவள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

அவள் நேராக வந்து என் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அந்த மனிதரின் டேபிளில் வைத்தாள். "அங்கிள், இவரு எங்க அப்பா" என்றாள்.

அவர் பதறிப் போய் எழுந்தார். "ஐயோ, சாரிமா, தெரியாம..."

"பரவால்ல சார்" என்றேன் நான். அப்போதும் சார்.

மாடிப்படியில் ஏறும்போது சுதா திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "அந்த ஆளுக்குத் தெரியாதுப்பா, விடுங்க. எங்க மாமனாருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேருமே வாயத் தொறக்கலையே."

கேக் வெட்டினார்கள். போட்டோவில் நான் ஓரத்தில் நிற்கிறேன். என் கையில் விஸ்கியும் பாலும் கலந்த வாடை அடித்ததால் குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை.

6. கற்றுக்கொண்டது

ஒரு மாதம் தேவராஜனை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்த பிறகு என் பங்கு மட்டும் மீதி இருந்தது. வேலை செய்வதில் எனக்கு வெட்கமில்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் வேலையை மறைத்தபோதும் பயந்தேன், வெளியே வந்தபிறகும் பயந்தேன். சொந்தக்காரனாக உட்காரவேண்டிய வீட்டில், பயத்தினால் வேலைக்காரனாக நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொந்தக்காரர் வீட்டில் கலக்கிக் கொடுக்க நேர்ந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களோடு உட்கார்ந்து கலக்குங்கள். முதல் தடவையே. இரண்டாம் தடவை நாற்காலி கேட்டால், திமிர் என்பார்கள்.

தீபாவளிக்கு முன்பு தேவராஜன் போன் செய்தார். "சம்பந்தி, ஞாயித்துக்கிழமை பத்து பேரு வர்றாங்க. நீங்களும் தங்கச்சியும் காலைலயே வந்துடுங்க."

"வர்றோம் சம்பந்தி" என்றேன். "ஆனா இந்த தடவ நான் கலக்கல. அளவெல்லாம் கார்த்திக்குக்கு எழுதி அனுப்பிடறேன், அவரு போடட்டும். நான் உக்காந்து உங்ககூட பேசிட்டு, பேரனோட விளையாடிட்டு, சாப்பிட்டுட்டு வர்றேன்."



"அதுக்கென்ன சம்பந்தி" என்றார், ரொம்ப மரியாதையாக. "பண்டிக சமயம், ட்ரெயின்லயும் கூட்டமா இருக்கும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மல்லிகாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம்.